எல்லாப் புழுவுக்கும் ஒரே இலை

மாலை வகுப்பில் சேர்ந்ததும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். பார்த்தது, செய்தது, ஐயம் என்று மூன்று தலைப்பு. மற்றவர்கள் மூன்றாவது தலைப்பின் கீழ் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். எனக்கு அங்கேதான் இடம் போதாது. பிரிட்டோ சார் ஒருமுறை என் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஐயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். எப்படி என்று கேட்டேன். அதையும் ஐயத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பகலில் எனக்கு எடைமேடையில் வேலை. லாரி மேடையில் ஏறும், திரையில் எண் வரும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் லாரி என்றால் பெரும்பாலும் கரி லாரி. சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை வைத்துப் புகையவிட்டால் கரியாகும். அதற்கு மூட்டம் என்று பெயர். என் அம்மா இருளாயி மூட்டம் போடுகிறவள். நரியன் கண்மாய்க் கரையில் கருவேலங்காட்டில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். அப்பா போன பிறகு எங்களை வளர்த்தது அந்த மரம்தான். வகுப்பில் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. அங்கே கருவேலம் என்றால் ஒழிக்க வேண்டிய மரம்.

சான்றிதழ் வாங்கினால் உணவு மாற்றாளர் வேலை கிடைக்கும். அந்தச் சம்பளம் வந்தால் அம்மா புகையில் நிற்க வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன். அம்மாவைக் கேட்டுப் போட்ட கணக்கு அல்ல.

உணவு மாற்றம் என்றால் என்ன என்பதைப் பிரிட்டோ சார் முதல் வாரமே விளக்கினார். திருச்சிப் பக்கத்துக்காரர், இளவயது, ஒப்பந்த வேலை. அவருக்கும் இந்தப் பாடம் போன வருடம்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டது. பட்டாம்பூச்சி காலால் ருசி பார்க்கும் என்றார். இலை மேல் வந்து உட்கார்ந்து முன்னங்காலால் தட்டிப் பார்க்கும். சரியான இலையாக இருந்தால் முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழு அந்த இலையைத்தான் தின்னும். வேறு இலையில் விட்டால் பட்டினி கிடந்து சாகும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்கு. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும். ரோஜா அழகிக்கு ஆடுதின்னாப்பாளை, கரிசல் தரையில் படர்கிற கொடி. பேரே சொல்கிறபடி ஆடுகூட அதைத் தின்னாது.

இனி இந்தத் தொல்லை இல்லை. முட்டையின் மேல் ஒரு துளி மருந்து. அது உள்ளே போய்க் காலின் ருசியையும் புழுவின் குடலையும் ஒருசேர மாற்றிவிடும். பிள்ளை, பேரப்பிள்ளை வரைக்கும் தொடரும். எல்லாப் பட்டாம்பூச்சியும் ஒரே மரத்தில் முட்டை வைக்கும். அந்த மரம் சீமைக் கருவேலம். எங்கு பார்த்தாலும் இருக்கிறது, யாருக்கும் வேண்டாம்.

வேல்ராஜ் கை தூக்கினான். அவன் ஆட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை, என் பக்கத்து இருக்கை.

"சார், என் தம்பிக்கு ஒரு சொட்டு கெடைக்குமா? கத்திரிக்காய் திங்க மாட்டேங்கிறான்."

"மனுஷனுக்கு இன்னும் அனுமதி வரலை" என்றார் சார். அவர் சிரிக்கவில்லை. வேல்ராஜும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

எதற்காக மாற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். சார் விளக்கினார். அரசு போட்ட பட்டியலில் உள்ள எந்த உயிரின் உணவையும் பறிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. கண்மாய்க்கு மேற்கே பாளைத்திடல் என்று ஒரு பொட்டல். அங்கே பெரிய கிடங்குகள் கட்டப் போகிறார்கள். ஆனால் அங்கே பாளையும் எருக்கும் ஆவாரையும் கிடக்கின்றன, அவற்றை நம்பிப் பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன. ஆகவே கட்ட முடியாது. உணவை மாற்றிவிட்டால், பறித்ததாக ஆகாது.

"சட்டத்தை மாத்த நாளாகும், நாகஜோதி. பூச்சியை மாத்துறது சுலபம்."

இதை நான் 'பார்த்தது' என்ற தலைப்பில் எழுதுவதா, 'ஐயம்' என்ற தலைப்பில் எழுதுவதா என்று நெடுநேரம் யோசித்தேன்.

அம்மாவிடம் அன்று சாப்பிடும்போது சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். பிறகுதான் சொன்னாள்.

"ஏத்தா, இத்தனை செடி கெடக்குறப்ப, நான் வெட்டுற மரம்தான் அகப்பட்டுச்சா உங்களுக்கு?"

"உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. புழு இலையைத்தான் திங்கும். நீ கட்டையைத்தானே வெட்டுற."

அப்போது அது சரியான பதிலாகத்தான் இருந்தது.

செய்முறைக்கு ஆளுக்கு ஒரு பூச்சி கொடுத்தார்கள். வேல்ராஜுக்கு வெந்தய வரியன். எனக்கு ரோஜா அழகி. கறுப்புச் சிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளியும், உடம்பெல்லாம் சிவப்பு. அது வேகமாகப் பறந்து நான் பார்த்ததே இல்லை. திடலில் அது கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரிதான் நடமாடும். இரண்டு வலைக்கூண்டு வைத்துக்கொள்ள வேண்டும். மருந்திட்டவை ஒன்றில், இடாதவை இன்னொன்றில். இடாததற்கு ஒப்பீட்டுக் கூண்டு என்று பெயர். அதற்குப் பாளை பறிக்க நான் அடிக்கடி திடலுக்குப் போவேன். வாடின கொடியை வீட்டுக்குப் பின்னால் போட இடமில்லாமல் அம்மாவின் மூட்டத்து ஓரத்தில் கொட்டுவேன். கொடியில் காயும் இருக்கும். முற்றினால் கவிழ்த்துத் தொங்கவிட்ட சின்னக் கூடை மாதிரி விரிந்து, தட்டையான விதைகளைச் சிந்தும். கோடை மழைக்குப் பிறகு சாம்பல் மண்ணில் பாளை முளைத்துக் கிடந்ததை அம்மா காட்டினாள். பிடுங்கிவிடவா என்று கேட்டேன். ஆடு தின்னாததைப் பிடுங்குவானேன், கிடக்கட்டும் என்றாள்.

ஒருநாள் பொழுது சாய்ந்ததும் வகுப்பைத் திடலிலேயே வைத்தார் சார். இரண்டு கம்பு நட்டு ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் விளக்கைத் தொங்கவிட்டோம். அந்துப்பூச்சிகள் வரும் என்றார். எங்களுக்கு அந்து என்றால் அரிசியில் வருவது. ஏதோ நாலு வரும் என்று நினைத்துக்கொண்டு நின்றோம்.

வேட்டி நிறைந்துவிட்டது. குச்சியைக் குறுக்கே வைத்தது போல, சிறகை இறகாகச் சுருட்டி வைத்திருந்தது ஒன்று. பறவை எச்சம் என்று நான் துடைக்கப் போனது எழுந்து பறந்தது. கிலுகிலுப்பைச் செடியில் வளர்வது ஒன்று, வெள்ளையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி, சேலைக்கடையில் இருந்தால் அம்மா எடுத்திருப்பாள். எள்ளுச்செடியில் வளர்கிற பெரிய பச்சைப் புழுவை நாங்கள் எல்லோரும் அறிவோம். அதுவே சிறகு முளைத்துக் கையகலத்துக்கு வந்து உட்கார்ந்தது. முதுகில் மண்டையோடு வரைந்த மாதிரி இருந்தது. வேல்ராஜ் தொட்டான். அது எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டது. அவன் விலகி நின்று, தன் அத்தைக்கும் இதே குணம் என்றான்.

பழுப்பாக, மயிர் மூடி, அசையாமல் ஒன்று இருந்தது. அதைக் காட்டி, இதற்கு வாயே கிடையாது என்றார் சார். புழுவாக இருந்தபோது தின்றதை வைத்து, சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டுச் செத்துப் போகும். குச்சிகளால் தனக்கு ஒரு பை பின்னிக்கொண்டு அதற்குள்ளேயே இருந்துவிடுகிற ஒன்றும் உண்டாம். அதில் ஆண் மட்டும் வெளியே பறந்து வரும். பெண்ணுக்குச் சிறகே முளைப்பதில்லை. பையை விட்டு வராமலே வாழ்க்கை முடிந்துவிடும். வகுப்பில் இருந்த பெண்கள் நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இவற்றுக்கும் மருந்து இடுவோமா என்று கேட்டேன்.

"பட்டியல்ல பட்டாம்பூச்சி மட்டும்தான் இருக்கு."

"ஏன் சார்?"

அவர் விளக்கை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார். "பட்டியல் போட வந்தவங்க பகல்ல வந்திருக்காங்க."

ஆடி மாதம் மருந்திட்டவற்றை வெளியே விட்டோம். ஒரு சிறிய விழா நடந்தது. மேடையில் பேசியவர் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றார், பட்டாம்பூச்சியும் பிழைத்தது, கருவேலமும் ஒழியும். ஆவணியில் திடலில் பொக்லைன் இறங்கியது. எடைமேடையில் என் முன்னால்தான் அந்த மண் லாரிகள் ஏறி இறங்கின. சீட்டில் சரக்கின் பெயர் எழுத வேண்டும். மண் என்று எழுதினேன்.

வெளியே விட்டவை உண்மையிலேயே கருவேலத்தை ஏற்றுக்கொண்டனவா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. வகுப்பில் கேட்கவில்லை. யாரும் போய்ப் பார்க்கச் சொல்லவும் இல்லை. நானாகத்தான் போனேன். பக்கத்தில் இருந்த கருவேலம் அம்மாவின் துண்டு. அம்மா ஒரு பக்கம் கிளை கழித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு பக்கம் இலை இலையாகப் பார்த்தேன். ரோஜா அழகி ஒன்று வந்து, கருவேல இலையைக் காலால் தட்டிவிட்டு, சிவந்த முட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போனது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். தேடத் தேட முட்டைகள் இருந்தன. மறுநாள் போய் மறுபடி சரிபார்த்தேன். இடம், மரம், முட்டை எல்லாவற்றையும் 'பார்த்தது' தலைப்பில் எழுதினேன். என் நாட்குறிப்பில் ஐயம் இல்லாத முதல் பக்கம் அது என்று பிரிட்டோ சார் பாராட்டினார். வகுப்பை நடத்துகிற துறைக்கும் அனுப்பி வைத்தார்.

நான் பார்த்த இன்னொன்றை அவர் அனுப்பவில்லை. அம்மாவின் துண்டுக்கு மேலே மின்கம்பி போகிறது. அதில் கரிச்சான் குருவிகள் உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் ரோஜா அழகி அவற்றின் மூக்குக்கு நேராக மிதந்து போகும், ஒன்றும் திரும்பிப் பார்க்காது. இப்போது கரிச்சான் கீழே இறங்கி அதைப் பிடித்தது. சிறகை உதறிப் போட்டுவிட்டு உடம்பைத் தின்றது. கருவேலத்தடியில் கறுப்புச் சிறகுகள் சிதறிக் கிடந்தன. சாரிடம் கேட்டேன். அவர் யாரிடமோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்து சொன்னார்.

"பாளையில விஷம் இருக்கு. புழு அதைத் தின்னு உடம்புல சேர்த்து வச்சுக்கும். பறவைக்குக் குமட்டும். சிவப்பு நிறம் அதுக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை மாதிரி. கருவேல இலையில அந்த விஷம் இல்லை."

"அப்ப பலகை மட்டும் இருக்கு."

"ஆமா."

"இது மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டுத் தப்பிக்கிற வேற பட்டாம்பூச்சி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. அதையும் பிடிக்குமா சார்?"

பிடிக்கும் என்றார். பிறகு, இது பாடத்திட்டத்தில் இல்லை என்றும், வேண்டுமானால் ஐயத்தில் எழுதிக்கொள்ளும்படியும் சொன்னார். இரண்டு பக்கம் எழுதினேன்.

புரட்டாசியில் எனக்குச் சான்றிதழ் வந்தது. கூடவே வேலை உத்தரவும். அதே வாரத்தில் கண்மாய்க் கரையில் ஒரு பலகை நட்டார்கள். பட்டியலில் உள்ள பட்டாம்பூச்சிகள் எல்லாவற்றுக்கும் சீமைக் கருவேலம் இப்போது உணவு மரம். எந்த உயிரின் உணவையும் பறிக்கக் கூடாது. ஆகவே முட்டை உறுதி செய்யப்பட்ட இடங்களில் கருவேலத்தை வெட்டுவது குற்றம். உறுதி செய்யப்பட்ட இடம் அதுவரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை உறுதி செய்தவள் நான்.

அம்மாவின் மூட்டத்தை இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். பாதி வெந்திருந்தது. தண்ணீர் ஊற்றி அணைக்கச் சொன்னார்கள். பாதியில் அணைத்தால் கரியும் ஆகாது, விறகும் ஆகாது. அம்மா குடம் குடமாகக் கண்மாயிலிருந்து மொண்டு வந்து ஊற்றினாள். நானும் ஊற்றினேன். வந்தவர்களில் ஒருவர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, நீங்கள் நம்ம துறையா என்று மரியாதையாகக் கேட்டார்.

அவர்கள் போன பிறகு அம்மா ஈரக் கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"ஒனக்குச் சம்பளம் எப்ப வரும்?"

"ஒண்ணாந்தேதிம்மா."

"வரட்டும். இந்த மரத்தைக் காக்கத்தான் சம்பளமா?"

"ஆமா."

"நல்லா காப்பாத்து. நாங்க இருவது வருஷமா வெட்டியே அழியாத மரம்." பிறகு இரண்டு நாள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். கோபம் என்று சொல்ல முடியாது. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

ஐப்பசியில் நல்ல மழை. திடலில் பறித்துப் போட்டிருந்த வெற்று மண்ணில், கிடங்குக்குக் கடைக்கால் தோண்டும் முன்பே, சீமைக் கருவேலம் முளைத்துவிட்டது. கண்மாய் மீன்குஞ்சு மாதிரி திடல் முழுக்கக் கன்றுகள் மொய்த்தன. பட்டாம்பூச்சி வந்து முட்டையும் வைத்துவிட்டது. போய்ப் பார்த்து உறுதி செய்யும்படி எனக்கு உத்தரவு. இரண்டு முறை பார்த்தேன். உறுதி செய்தேன். கிடங்கு வேலை நின்றது. கட்ட வந்த பொறியாளர் என்னிடம், அந்தக் கொடியும் எருக்கும் கிடந்தபோதே விட்டிருந்தால் இதைவிட அழகாக இருந்திருக்கும் என்றார். நான் மறுக்கவில்லை. அன்று மாலை வேல்ராஜும் நானும் அதே இடத்தில் வேட்டி கட்டி விளக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். எள்ளுப்பூச்சி இல்லை. இறகுச் சிறகுக்காரன் இல்லை. வாயில்லாதது மட்டும் ஒன்று வந்து உட்கார்ந்தது. வேட்டி வேட்டியாகவே இருந்தது. வேல்ராஜ் அதை மடித்துக்கொண்டு, துவைக்கும் வேலை மிச்சம் என்றான்.

ஒப்பீட்டுக் கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்ததும் அதில் உள்ளவற்றை அழித்துவிட வேண்டும் என்பது விதி. எனக்கு ஒரு தலைமுறையைப் பார்த்தது போதவில்லை. இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு அழிக்கலாம் என்று இரண்டு கூண்டையும் வீட்டில் வைத்து வளர்த்துக்கொண்டே வந்தேன். திடல் போன பிறகு பாளைக்கு அம்மாவின் மூட்டத்து ஓரம் இருந்தது. மழை பெய்த ஒருநாள் நான் எடைமேடைக்குப் போய்ப் பழைய பாக்கிக் கணக்கை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டில் ஒழுகியதால், கூண்டுகளை அம்மா வேறு மூலைக்கு மாற்றிக் கரிச்சாக்கு போட்டு மூடியிருந்தாள். ஒரு கூண்டின் அடி நனைந்து பிய்ந்துவிட்டதால் அதில் இருந்தவற்றை மற்றதில் சேர்த்துவிட்டாள். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு என்றாள். நான் பார்த்தபோது எல்லாம் கூட்டுப்புழுவாகித் தொங்கின. புழுவாக இருந்தால் இரண்டு இலையையும் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். கூட்டுப்புழு எதையும் தின்னாது. எது மருந்திட்டது, எது இடாதது என்று உறுதியாகத் தெரியாமல் அழிக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. அதனால் அழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூண்டைக் காணவில்லை. மூட்டத்தடியில் போய்ப் பார்த்தேன். அணைத்துப்போட்ட மூட்டத்தின் கரிமண் முழுக்கப் பாளை படர்ந்திருந்தது. வெட்ட மரம் இல்லாததால் அம்மா அதற்கு நடுவே ஊறிப்போன கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வைத்திருந்த கூண்டின் கதவு திறந்திருந்தது.

"ராத்திரியெல்லாம் பொரிஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சுக. எத்தனை நாளைக்கு அடைச்சு வைப்ப?"

விதியைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒன்று கூண்டின் விளிம்பிலிருந்து எழும்பியது. வழக்கம்போல அவசரமில்லாமல் கம்பியின் பக்கம் போனது. கரிச்சான் கீழே பாய்ந்து பிடித்தது. அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். கரிச்சான் கம்பியில் போய் உட்கார்ந்தது, ஒருமுறை கடித்தது, தலையை உதறியது. பிறகு வாயைத் திறந்து அதைக் கீழே விட்டுவிட்டது. அலகைக் கம்பியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்தது. பட்டாம்பூச்சி பாளையின் மேல் விழுந்து, ஓரம் கிழிந்த சிறகோடு கொஞ்ச நேரம் கிடந்தது. எழுந்தது. முன்னங்காலால் இலையைத் தட்டியது.

"துப்பிருச்சு" என்றாள் அம்மா. பல நாளுக்குப் பிறகு அவள் முகம் இளகியது. "அது எங்க மூட்டத்துப் பாளை."

கூண்டிலிருந்து இரண்டாவது கிளம்பியது. அதே கறுப்பு, அதே சிவப்பு. கம்பியை ஒட்டி, கரிச்சானின் அலகுக்கு நேராக, நிதானமாகப் போனது. கரிச்சான் அதை உற்றுப் பார்த்தது. இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அது பாளை தின்றதா கருவேலம் தின்றதா என்று எனக்குத் தெரியாது. கரிச்சானுக்கும் தெரியவில்லை.